பெடல் ஸ்டீல் ரெக்கார்டிங்: எஸ்எம்57-ம் டிஐ-யும், நீண்ட காலப் பயன்பாட்டில்

பெடல் ஸ்டீல் என்பது கம்பிகள் மேல் பார் என்ற உலோகத் துண்டை வழுக்கியும், காலால் பெடல்களை மிதித்துக் கம்பிகளின் சுருதியை மாற்றியும் வாசிக்கும் கிட்டார். நாஷ்வில் பாணியில் ஈ9 ட்யூனிங் கொண்ட பெடல் ஸ்டீலைப் பதிவு செய்ய விலை கூடிய மைக் கட்டாயமில்லை. ஆம்ப் முன்னால் ஒரு ஷூர் எஸ்எம்57 மைக், கூடவே ஒரு ஆக்டிவ் டிஐ (வாத்தியத்தின் சிக்னலை மைக் இல்லாமல் நேரடியாகப் பதிவுக்கு அனுப்பும் பெட்டி). வருடக்கணக்கில் ஓடிய பிறகும் இந்த ஜோடியை மாற்றத் தோன்றவில்லை.

ஆனால் மைக் வைக்கும் இடம் பிசகினால் கேட்கச் சகிக்காது. எஸ்எம்57-க்கு 5, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு தூக்கல் உண்டு. ஸ்டீலின் மேல் கம்பிகளோ ஏற்கெனவே கூர்மையானவை. ஸ்பீக்கரின் நடுக்குமிழுக்கு நேராக வைத்தால் மூன்றாம் கம்பி காதைக் குத்தும். 15 அங்குல ஸ்பீக்கரில் குமிழுக்கும் விளிம்புக்கும் நடுவே, ஸ்பீக்கரை மூடிய துணியிலிருந்து 10 செ.மீ. தள்ளி, லேசாகச் சாய்த்து வையுங்கள். இன்னும் நெருங்கினால் அடித்தொனி வீங்கும். ராயர் ஆர்-121 போன்ற ரிப்பன் மைக் மிருதுவாக எடுக்கும்தான். பின்பக்கச் சத்தத்தையும் அதே அளவு எடுக்கும் என்பதால் அறை நன்றாக இருக்க வேண்டும்.

ஆம்ப் தனி அறையில் இருக்கட்டும், இல்லையென்றால் பெடல்களின் டக்டக் மைக்கில் ஏறும். ஆம்ப் பீவி நாஷ்வில் 400 என்றால், எந்த நடுத்தொனியை மாற்றுவது என்று தேர்ந்தெடுக்கும் மிட் ஷிஃப்ட் குமிழை 800 ஹெர்ட்ஸில் வைத்து அந்தத் தொனியைக் குறையுங்கள், மூக்கடைப்பு போகும். ரிவெர்ப் மிக்ஸில் பார்த்துக்கொள்ளலாம்.

டிஐ-யை வால்யூம் பெடலுக்கு (காலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடல்) பிறகே செருக வேண்டும். முன்னால் செருகினால் வாசிப்பவரின் கால் செய்யும் பாதி வேலை அந்த டிராக்கில் இருக்காது. டிஐ டிராக் மட்டும் தனியாக நின்றால் உயிரில்லை. மைக் டிராக்குக்குத் துணையாகத்தான் அது உதவும். 10 செ.மீ. தள்ளிய மைக்குக்கு ஒலி டிஐ-யைவிடச் சுமார் 0.3 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. இரண்டையும் சம அளவில் கலந்தால் 1.7 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று அழித்துப் பள்ளம் விழும். 48 கிலோஹெர்ட்ஸ் செஷனில் டிஐ-யை 14 சாம்பிள் பின்னுக்குத் தள்ளினால் தீர்ந்தது.

பதிவின்போது சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் வேண்டாம். தேயும் ஸ்வரத்தை வால்யூம் பெடலில் காலால் தாங்கிப் பிடிப்பதுதான் இந்த வாத்தியத்தின் அழகு. கம்ப்ரஸர் அதைத் தட்டையாக்கி, பிக்கப்பின் ஹம்மையும் மேலே இழுக்கும். உச்சம் மைனஸ் 12 டிபி போதும். ஈ9-இன் கடைசிக் கம்பி 123 ஹெர்ட்ஸ், அதனால் 90-க்குக் கீழே வெட்டலாம். சி6 என்ற இன்னொரு ட்யூனிங்கில் அது 65 வரை இறங்கும். அதே ஃபில்டரை அங்கே மறந்து விட்டுவிடாதீர்கள்.

ட்யூனிங்தான் பெரிய தலைவலி. பெடலை மிதித்தால் வாத்தியத்தின் உடல் சற்று வளைந்து, இழுபடாத கம்பிகள் சில சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) இறங்கும். ஜி ஷார்ப் கம்பிகளைச் சுத்த ஸ்வரத்துக்காகப் பலர் 14 சென்ட் வரை தாழ்த்துவார்கள். பியானோ கூட வந்தால் அது உரசும். ஈ கம்பிகளைச் சற்றே உயர்த்தி, பெடல் மிதித்த நிலையிலும் ஒருமுறை சரிபாருங்கள். பிட்ச் திருத்தும் மென்பொருள் பார் வழுக்கலைப் படிக்கட்டாக்கிவிடும்.

நாளாக நாளாகப் பழுதாவது மைக் அல்ல, வால்யூம் பெடலின் பாட் (உள்ளே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சுழல் பாகம்). கரகரப்பு தொடங்கினால் காண்டாக்ட் கிளீனர் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு மாற்றியே ஆக வேண்டும். கூடவே மூன்றாம் கம்பிக்கு .011 அங்குலத் தடிமன் கம்பி இரண்டு மூன்று கையில் இருக்கட்டும், அதிகம் அறுவது அதுதான்.