ஊட்டி, குன்னூர் பழைய போஸ்ட்கார்டுகள்: கோவையில் ஒரு மாடிக் கடை

பழைய இயற்கைக் காட்சி போஸ்ட்கார்டு விற்பவர்கள் பெரும்பாலும் படத்தைக் காட்டித்தான் விலை சொல்வார்கள். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டு மாடியில் கடை வைத்திருக்கும் இவர், கார்டைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பிப் போடுகிறார். அந்த ஒரு பழக்கத்துக்காகவே நான் குன்னூரிலிருந்து மலை இறங்கி இவரிடம் வருகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரையும் எண்ணையும் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. கோவையில் தபால்தலை சேர்க்கிறவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. நீலகிரிக் கார்டுகளை மட்டும்தான் சேர்க்கிறேன், அதிலும் மலையும் நீரும் ரயில் பாதையும்தான். காரணம் புல். இன்று ஊட்டியைச் சுற்றிக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) தேயிலையும் நிற்கும் சரிவுகள் பலவற்றில், நூறு வருடத்துக்கு முந்தைய கார்டுகளில் வெறும் புல்வெளி தெரியும். மடிப்புகளில் மட்டும் கருமையாகச் சோலைக்காடு ஒட்டிக்கொண்டிருக்கும். வகுப்பில் அதை வாயால் எத்தனை விளக்கினாலும் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. ஒரு கார்டைக் காட்டினால் போதும். ஊட்டி ஏரியும் அப்படித்தான். அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டத் தொடங்கிய ஏரி இன்றைய பேருந்து நிலையம் வரை பரந்து கிடந்தது என்றால் இப்போது யார் நம்புகிறார்கள்?

சரி, கடைக்கு வருகிறேன். நீளமான மரப்பெட்டிகளில் கார்டுகளை ஊர்வாரியாக நிறுத்தி வைத்திருக்கிறார். நீலகிரிக்குத் தனிப் பெட்டி. அதற்குள் ஏரி, செயின்ட் ஸ்டீபன் தேவாலயம், தாவரவியல் பூங்கா, சேரிங் கிராஸ், சிம்ஸ் பூங்கா, லாம்ஸ் ராக், கேத்தரின் அருவி, மலை ரயில் என்று அட்டைத் தடுப்புகள். பதிப்பித்த நிறுவனத்தை வைத்துப் பிரிக்காமல் இடத்தை வைத்துப் பிரித்திருப்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஒரே இடத்தை வெவ்வேறு காலத்தில் எடுத்த படங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. மதராஸ் புத்தகக் கடையான ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டவை, மதராஸ் ஸ்டூடியோவான வீல் அண்ட் க்ளைன் வெளியிட்டவை இரண்டும் நிறைய உண்டு. யார் வெளியிட்டது என்றே அச்சிடாத கார்டுகளும் உண்டு. அவற்றுக்கு இவர் விலையைக் கூட்டுவதுமில்லை, அலட்சியப்படுத்துவதுமில்லை.

இந்தச் சரக்கில் பெரும்பகுதி இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. யோசித்தால் அது இயல்புதான். ஊட்டியில் கோடையைக் கழித்த வெள்ளைக்காரர்கள் இந்தக் கார்டுகளை வாங்கித் தங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆல்பத்தில் செருகி வைத்தார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஏலத்துக்கு வந்தது. இன்னொரு விஷயம், முதல் உலகப் போருக்கு முன் வந்த கார்டுகளில் நிறைய ஜெர்மனியில் அச்சானவை. நம் மலையின் படம் ஜெர்மனியில் அச்சாகி, மதராஸில் விற்பனையாகி, இங்கிலாந்துக்குத் தபாலில் போய், கடைசியில் கோவைக்கு வந்து சேர்கிறது. இவ்வளவு தூரம் சுற்றிய காகிதம் மூலை மடங்கியிருந்தால் எனக்குக் குறையாகத் தெரிவதில்லை.

இனி அந்தத் திருப்பிப் போடும் பழக்கம். பின்பக்கம் முழுவதும் முகவரிக்கென்றே விட்டிருந்து, செய்தியைப் படத்தின் ஓரத்தில் இடுக்கி எழுதியிருந்தால் பழைய கார்டு. பின்பக்கத்தை நடுக்கோடு போட்டுச் செய்திக்கும் முகவரிக்கும் பிரிக்க பிரிட்டன் 1902-லும் அமெரிக்கா 1907-லும் அனுமதித்தன. மற்ற நாடுகளும் அந்தச் சில வருடங்களில் மாறிக்கொண்டன. அடுத்தது தபால்தலை. ஏழாம் எட்வர்ட் தலை என்றால் 1902-க்குப் பின், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911 முதல். அதற்கு மேல் முத்திரை. இதையெல்லாம் இவர் ஒவ்வொரு கார்டின் உறையிலும் ஒரு சிறு சீட்டில் பென்சிலால் எழுதி வைக்கிறார். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறார், மற்றதை வெறுமனே விட்டுவிடுகிறார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஊட்டி ஸ்டேஷனில் ரயில் நிற்கும் கார்டு ஒன்று இருந்தது. அதன் முந்தைய உரிமையாளர் யாரோ பின்னால் '1900' என்று எழுதியிருந்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் வந்தது 1899-இல், ஊட்டிக்குப் போனது 1908-இல். இவர் அந்த 1900-ஐ அழிக்கவில்லை. தன் சீட்டில் "1908-க்குப் பிறகு, தபாலில் போகாதது" என்று மட்டும் எழுதியிருந்தார். 1900 என்றே சொல்லியிருந்தால் கூடுதல் விலைக்கு விற்றிருக்கலாம். எனக்கு அந்தச் சீட்டின் மேல் கார்டுக்கு நிகரான மரியாதை.

போலி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஊட்டியில் சுற்றுலாப் பயணிகள் போகும் ஒரு கடையில் மறு அச்சை டீத்தண்ணியில் நனைத்த மாதிரிப் பழுப்பாக்கி 'ஒரிஜினல்' என்று விற்கிறார்கள். அங்கே வாங்கி ஏமாந்த என் மாணவி ஒருத்தி அந்தக் கார்டை இவரிடம் கொண்டுவந்தாள். இவர் முதலில் லென்ஸ் வைத்துக் காட்டினார். அச்சடிக்காமல் புகைப்படத் தாளிலேயே கழுவி எடுத்த உண்மையான புகைப்படக் கார்டில் லென்ஸ் வழியாகப் பார்த்தாலும் புள்ளிகள் தெரியாது. கொலோடைப் என்ற பழைய அச்சு முறையில் வந்ததில் ஒழுங்கில்லாத நுண்ணிய சுருக்கங்கள் தெரியும். இந்தக் கார்டிலோ வரிசை பிடித்த வண்ணப் புள்ளிகள். அப்புறம் ஜன்னலைச் சாத்திவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தார். கார்டு நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனத்தைச் சேர்ப்பது ஏறக்குறைய 1950 வாக்கில்தான் பரவியது. "இது புதுசுங்க கண்ணு. படம் நல்லா இருக்குது, பிரேம் போட்டு வெச்சுக்க. பழசுன்னு மட்டும் யாருக்கும் வித்துராத" என்றார். பார்த்துச் சொன்னதற்குக் காசு வாங்கவில்லை.

விலைக்கு வருவோம். சாதாரண அச்சுக் கார்டு, ஏரியோ பூங்காவோ, 400 முதல் 600 ரூபாய். உண்மையான புகைப்படக் கார்டு 1,200-லிருந்து தொடங்குகிறது. மலை ரயில் என்றால் 2,500-க்குக் கீழே எதுவும் இல்லை. கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரப் பாதை தெளிவாகத் தெரிகிற கார்டுகளுக்கு அதற்கும் மேல். ரயில் கார்டுகளின் விலை அதிகம் என்றுதான் சொல்வேன். ரயில் பிரியர்கள் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், அதனால் நம்மைப் போன்ற நிலக்காட்சிக்காரர்களுக்கு அந்தப் பாலங்களும் பள்ளத்தாக்கும் எட்டாமல் போகிறது. தபால்தலையைக் கிழித்தெடுத்த கார்டுக்குப் பாதி விலை. எழுதிய கார்டுக்கு இவர் விலையைக் குறைப்பதில்லை. அது சரியான முடிவு. "மழை ஓயவில்லை, குதிரைப் பந்தயம் தள்ளிப்போனது" என்று இங்கிலீஷில் கிறுக்கிய ஒரு வரி, வெற்றுக் கார்டில் கிடைக்காத விவரம்.

நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களைக் காட்டும் கார்டுகளும் பெட்டியில் இருக்கின்றன. குடிசை வாசலில் பெயர் சொல்லாமல் நிறுத்திவைத்து எடுத்த மனிதர்கள். நான் அவற்றை வாங்குவதில்லை. இவரும் அவற்றை முன்னால் எடுத்து வைத்து விற்பதில்லை. கேட்டால் மட்டும் காட்டுகிறார்.

விற்பதற்கும் இவரிடம் போகலாம். என்னிடம் இரட்டையாகச் சேர்ந்த கார்டுகளைக் கொடுத்தேன். உடனே காசு வேண்டுமென்றால் தான் விற்கப்போகும் விலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தருகிறார். காத்திருக்க முடிந்தால் விற்றபின் ஐந்தில் ஒரு பங்கு கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார். நான் காத்திருந்தேன். நோட்டில் என் பெயருக்கு நேராக ஒவ்வொரு கார்டும், அது போன விலையும் இருந்தது. முழு ஆல்பத்தோடு போனால் அதைப் பிரித்து விற்க இவர் அவசரப்படுவதில்லை. ஒரே குடும்பம் சேர்த்த ஆல்பத்தை ஒருவரே வாங்குவாரா என்று முதலில் தேடிப் பார்க்கிறார். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டிய கார்டுகளை வீட்டில் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள் என்பது இவர் எல்லோரிடமும் சொல்வது.

குறைகள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்கள் மங்கல், அதுவும் முன்பக்கம் மட்டும். பின்பக்கத்தை இவ்வளவு மதிக்கிறவர் அதைக் கேட்டால்தான் அனுப்புகிறார் என்பது எனக்கு வருத்தம். கேட்காமல் பில் வராது. தொலைபேசியை எடுக்காத நாட்கள் உண்டு, கடை திறக்கும் நேரமும் நிலையில்லை. ஆனால் பார்சல் கட்டுவதில் குறையே சொல்ல முடியாது. பாலியெஸ்டர் உறை, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே கார்டு, மேலே மழைக்கு ஒரு பிளாஸ்டிக் சுற்று, ஸ்பீடு போஸ்ட். ஆடி மாத மழையில் வந்த கவரின் வெளிப்புறம் நனைந்திருந்தது, உள்ளே ஈரம் போகவில்லை.

வாங்கிய பிறகு பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. எங்கள் மலைக் குளிரில் பூஞ்சணம் சீக்கிரம் ஏறும், சமவெளியில் இராமபாணப் பூச்சி. வாசனை வீசும் மலிவான பிவிசி ஆல்பம் வேண்டாம், அது நாளாக ஆகப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். இவரிடமே நல்ல உறைகள் கிடைக்கின்றன, வெளியே வாங்குவதைவிடச் சற்று மலிவு.

போகிறவர்கள் முதல் நாளே போன் செய்து நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், என்ன இடம் தேடுகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், பெட்டியை எடுத்து வைத்திருப்பார். ஞாயிறு கிடையாது. காலை வெளிச்சத்தில் போனால் ஜன்னலோரம் வைத்துப் பார்க்க வசதி. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான். முட்டிவலிக்காரர்கள் கீழே நின்று சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே இறங்கி வருவார்.