தறி ஊரில் ஒரு பழைய டெஸ்க்டாப்: மூன்று வருட அனுபவம்

2014-ல் வாங்கிய டெஸ்க்டாப் இது. இன்டெல் ஐ3-4130 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சேலம் கொண்டலாம்பட்டியில் வீட்டு முன்ரூமில் இதை வைத்துத்தான் சுற்றுவட்டாரத் தறிப்பட்டறைகளுக்கும் இரண்டொரு கொலுசுப் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், ஜிஎஸ்டி போர்ட்டல், எப்போதாவது ஒரு வீடியோ கால், இவ்வளவுதான் வேலை. 2023 தொடக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பாகங்களை மாற்ற ஆரம்பித்தேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிரைவ்) போட்ட மறுநாள் யாரைக் கேட்டாலும் பிரமாதம் என்றுதான் சொல்வார்கள். மூன்று வருடம் ஓட்டிய பிறகு எது நின்றது, எது அவ்வளவு தேவையில்லை என்பது தெரிந்திருக்கிறது. அதனால் இப்போது எழுதுகிறேன்.

மாற்றும் முன் நிலைமை இதுதான். பட்டனை அழுத்தி, விண்டோஸ் வந்து, டேலி திறக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1-க்கு மாதம் 11-ம் தேதி, 3பி-க்கு 20-ம் தேதி கடைசி நாள். அந்த நாட்களில் போர்ட்டலையும் எக்செல்லையும் ஒன்றாகத் திறந்தால் மவுஸே நகராது. பட்டறைக்காரர் எதிரே உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் காட்டினேன். "அண்ணா, இதுல காசு போடாதீங்க, போர்டோட மாத்திடுங்க" என்றார் அந்தத் தம்பி. அவர் கணக்கில் அது நியாயம்தான். ஆனால் போர்டை மாற்றினால் பிராசஸர் மாற வேண்டும், இதிலிருக்கும் பழைய வகை டிடிஆர்3 ராம் பொருந்தாது, கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் லைசென்ஸும் பழைய போர்டோடு போய்விடும். ஒன்றை மாற்றப் போய் எல்லாவற்றையும் வாங்க வேண்டி வரும். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று விண்டோஸே காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, பிராசஸர் 20-ஐத் தாண்டவே இல்லை. நோய் எங்கே என்று அதுவே சொல்லிவிட்டது. "தம்பி, டிஸ்க்கை மட்டும் மாத்திப் பார்ப்போம், அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காசு கொடுத்து எதையும் வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்தேன். எங்கள் ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று அடித்துச் சொல்வேன். பக்கத்துக் கட்டிடத்தில் தறி ஓடுகிறது. பஞ்சு காற்றோடு வந்து, ஃபேன் இழுக்கிற இழுப்பில் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். பிராசஸர் மேலிருந்த ஃபேனைக் கழற்றினால், கீழே அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. கம்பளித் துண்டு போல ஒரு படலம். முனையைப் பிடித்து இழுத்தேன், முழுசாக வந்தது. சாம்பல் நிறப் பஞ்சுக்கு நடுவே சிவப்பு நூல், பச்சை நூல், மினுங்குகிற ஜரிகைத் துணுக்குகள். அந்த ஜரிகையைப் பார்த்ததும்தான் பயம் வந்தது. செம்புக் கம்பி ஜரிகையாக இருந்தால் அது மின்சாரம் கடத்தும். போர்டில் இரண்டு காலுக்கு நடுவே விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிவிடும்.

சிறிய கை ப்ளோயரால் ஊதினேன். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி சுழன்று பேரிங் கெட்டுப் போகும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம், அந்த டேங்கில் சேர்ந்த ஈரமும் சேர்ந்து வரும். பிராசஸர் சூட்டை மேலிருக்கும் தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதைத் துடைத்துப் புதிதாக வைத்தேன், 150 ரூபாய். வேலை ஓடும்போது 92 டிகிரி காட்டிக்கொண்டிருந்த பிராசஸர் 63-க்கு வந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மத்தியானம் மட்டும் கம்ப்யூட்டர் மந்தமாகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்றும் தவறாமல் திறந்து ஊதுகிறேன்.

அப்போதே போர்டில் இருக்கும் சின்ன பட்டன் பேட்டரியையும் மாற்றினேன். 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், 30 ரூபாய். அது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் ஜிஎஸ்டி தளத்தையே பாதுகாப்பில்லாத தளம் என்று சொல்லித் திறக்க விடாது. நெட்டைத் திட்டிக்கொண்டிருந்த ஒரு பட்டறைக்காரருக்கு இந்த 30 ரூபாயில் வேலை முடிந்தது.

சரி, எஸ்எஸ்டிக்கு வருவோம். குரூஷியல் பிஎக்ஸ்500, 480 ஜிபி, 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். இந்த வயசு போர்டுகளுக்கு, ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே கேபிளில் மாட்டுகிற சாட்டா வகைதான். புது வகை என்விஎம்இயை அடாப்டர் போட்டு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும், எச்81 போர்டு அதிலிருந்து பொதுவாக பூட் ஆகாது. கவனிக்க வேண்டியவை இரண்டு. எச்81-ல் நான்கு சாட்டா போர்ட் உண்டு, அதில் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டு பாதி வேகம். போர்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்துச் சரியான போர்ட்டில் மாட்ட வேண்டும். பயாஸில் (விண்டோஸ் வரும் முன் திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) சாட்டா முறை ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால், விண்டோஸ் போடும் முன்பே ஏஎச்சிஐ என்ற புது முறைக்கு மாற்றிவிட வேண்டும். எஸ்எஸ்டிக்கென்று தனி இடம் இல்லாத பழைய கேபினெட் என்று கவலைப்பட வேண்டாம். உள்ளே சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் ஒரு பக்கம் இரண்டு ஸ்குரூ போட்டாலே போதும்.

பழைய விண்டோஸை அப்படியே நகல் எடுக்காமல் புதிதாகவே போட்டேன். அதே போர்டு என்பதால் லைசென்ஸ் தானாக ஆக்டிவேட் ஆனது. பட்டன் அழுத்தி டேலி திறக்க முக்கால் நிமிடம். முக்கியமான விஷயம், இன்றைக்கும் அதே முக்கால் நிமிடம்தான். டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் ஆரோக்கியம் 93 சதவீதம், இதுவரை எழுதியது 9 டெராபைட். கம்பெனி இந்த டிரைவுக்குச் சொல்லும் எழுதும் அளவு 120 டெராபைட். கணக்கு வேலைக்கு இது தேயாது.

குறையும் உண்டு. பெரிய ஃபைலை ஒரே மூச்சில் காப்பி செய்தால் முதலில் பறக்கும், கொஞ்ச நேரத்தில் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். தங்கை கல்யாண வீடியோவை ஏற்றும்போது அப்படித்தான் இழுத்தது. வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் இதைவிட நல்ல டிரைவாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கரகரவென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதனால் பழைய 500 ஜிபி டிஸ்க்கை உள்ளேயே விட்டு டேலி பேக்கப்புக்கு வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை பென் டிரைவிலும் ஒரு பிரதி. அடுத்தவர் கணக்கு நம் கையில் இருக்கும்போது இதில் சோம்பல் கூடாது.

ராம் 8 ஜிபி ஒன்று, பழையது, 900 ரூபாய். இருந்த 4-ஐக் கழற்றாமல் பக்கத்தில் போட்டு 12 ஆக்கினேன். 4-ம் 8-ம் சேராது என்று பலர் சொல்வார்கள். இன்டெல் போர்டுகளில் சேரும், முதல் 8 ஜிபி இரட்டைச் சேனலிலும் (இரண்டு ராமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் வேகமான முறை) மீதி ஒற்றையிலும் ஓடும். ஆன்லைனில் ரொம்ப மலிவாக வரும் டிடிஆர்3-ல் ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அது இதில் ஓடாது. பழைய ராம் எது வாங்கினாலும் ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஓடவிட்டு, ஒரு பிழைகூட வராவிட்டால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ் பார்க்கும் மச்சானுக்குப் பிரச்சினையே வேறு. அங்கே பஞ்சும் இல்லை, வெயிலும் இல்லை, ஈரம்தான். மழைக்காலத்தில் பல நாள் போடாமல் விட்டால் ராம் காலில் படலம் பிடித்து பீப் சத்தம் மட்டும் வரும். கழற்றி, காலை ரப்பரால் தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பிராசஸர் கடைசியாகத்தான் மாற்றினேன். பழைய ஐ5-4570, 1,800 ரூபாய். இரண்டு கோர் நான்கானது. வீடியோ கால் பேசிக்கொண்டே எக்செல் திறந்தால் திணறுவதில்லை, அவ்வளவுதான். டேலியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 54 வாட் இருந்த இடத்தில் 84 வாட் என்பதால் சூடும் கூடுதல். கையில் காசு குறைவென்றால் இதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

அந்தக் காசைக் கரண்ட் பக்கம் போடுங்கள். தறி மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். காலையில் பட்டறை திறக்கும் நேரம் என் யுபிஎஸ் டக், டக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றித் தரும் பெட்டியான பழைய எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு சும்மா வந்தது. கெபாசிட்டர் தலை உப்பியிருந்தது. நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் 1,900 ரூபாய்க்கு மாற்றிய பிறகு, காரணமே இல்லாமல் ரீஸ்டார்ட் ஆவது அடியோடு நின்றுபோனது. கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று இழுத்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள். கோடை மழையில் இடி இடித்தால் பிளக்கோடு நெட் கேபிளையும் பிடுங்கிவிடுகிறேன்.

யுபிஎஸ் முன்பே இருந்தது. அது போக மொத்தச் செலவு 7,580 ரூபாய், பிராசஸரை விட்டால் 5,780.

இனி இருப்பது விண்டோஸ் பிரச்சினை. இதில் ஓடும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற இன்டெல்லில் 8-ம் தலைமுறையாவது வேண்டும், இது 4-ம் தலைமுறை. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குக் காசு இல்லை. நான் அதில் சேர்ந்திருக்கிறேன். டேலி வேண்டாதவர்கள் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம், எனக்கு அந்த வழி இல்லை. ஆயுத பூஜைக்குள் 8-ம் தலைமுறை ஆபீஸ் மெஷின் ஒன்று பழையதாகப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் அதற்கு அப்படியே போகும். ராமும் ஐ5-ம் போகாது. எஸ்எம்பிஎஸ் சந்தேகம்தான், பிராண்டட் மெஷின்களில் கனெக்டர் பல நேரம் வேறாக இருக்கும், அதை வாங்கும்போதே திறந்து பார்த்துவிட வேண்டும்.