புயலுக்குப் பின் எந்த மரம்? ஃபுளோரிடா வீட்டுத் தோட்டங்களுக்கு ஓர் ஒப்பீடு

2022 செப்டம்பர் 28 அன்று இயன், 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன், அடுத்த இரு வாரங்களுக்குள் அக்டோபர் 9 அன்று மில்டன் என அடுத்தடுத்துக் கரையேறிய புயல்கள், ஃபுளோரிடாவின் மேற்குக் கரையையொட்டிய பகுதிகளில் ஏராளமான தோட்டங்களை வெறுமையாக்கிச் சென்றன. விழுந்த மரத்தை அகற்றிய கையோடு, விரைவில் நிழல் வேண்டும் என்ற அவசரத்தில் நாற்றுப் பண்ணைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் வேகமாக வளரும் இனத்தையே வாங்கி வருகிறார்கள். அந்த வேகத்துக்கான விலையை அடுத்த புயலில் கொடுக்க நேர்கிறது என்பதே என் கருத்து.

முதல் போட்டி லைவ் ஓக், லாரல் ஓக் என்னும் இரு ஓக் மர இனங்களுக்கு இடையிலானது. இளம் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. விலையிலும் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. லாரல் ஓக் விரைந்து வளர்ந்து சில ஆண்டுகளிலேயே கூரைக்கு மேல் நிழல் தருகிறது. ஆனால் அதன் ஆயுள் ஏறத்தாழ 50 முதல் 70 ஆண்டுகள்தான். அதிலும் பிற்பகுதியில் அடிமரத்தின் உட்பகுதி மட்கத் தொடங்கிவிடும், வெளியே பசுமையாகத் தெரியும் மரம் உள்ளே கோறையாக இருக்கும். லைவ் ஓக் நூற்றாண்டுகள் வாழக்கூடியது, மரக்கட்டை அடர்த்தியானது, உயரத்தைவிட அகலத்தில் பரவுவதால் அதன் கனம் தாழ்வாகவே அமைகிறது. 1992-இல் ஆண்ட்ரூ தொடங்கி 2005 வரை வீசிய பல புயல்களுக்குப் பின் விழுந்த மரங்களையும் நின்ற மரங்களையும் இனவாரியாகக் கணக்கெடுத்த ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லைவ் ஓக்கைக் காற்றை மிக நன்றாகத் தாங்கும் இனங்களோடும், லாரல் ஓக்கையும் வாட்டர் ஓக்கையும் எளிதில் வீழும் இனங்களோடும் சேர்த்தார்கள்.

இதைப் படித்ததும் எல்லோரும் லைவ் ஓக் நட்டுவிட வேண்டியதில்லை. பெரிதாக வளரும் மரத்துக்கு ஏறத்தாழ 30 அடிக்கு 30 அடி அளவுள்ள, தளம் போடாத மண்பரப்பு வேண்டும் என்பது அதே பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. வாகனப் பாதைக்கும் நடைபாதைக்கும் இடையில் சிக்கிய குறுகிய கீற்றில் நட்டால், உறுதியான இனம்கூட வேர் பரப்ப வழியின்றிச் சாயும். சிறிய மனைக்குக் கிரேப் மிர்ட்டில் போதும். நீர் தேங்கும் இடத்துக்குப் பால்ட் சைப்ரஸ் பொருந்தும். தெற்கே, உறைபனி இல்லாத மாவட்டங்களில் கம்போ லிம்போ நல்ல தேர்வு. நம் ஊர்க் கடற்கரைகளில் காற்றுத் தடுப்பாக நட்ட சவுக்கு நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுவது நல்லது: ஃபுளோரிடாவில் அது புயலில் எளிதில் விழுவதோடு, இயற்கை வாழிடங்களை ஆக்கிரமிக்கும் தடைசெய்யப்பட்ட தாவரமும் ஆகும்.

காட்டுயிர்களைக் கருதினாலும் லைவ் ஓக்கே என் தேர்வு. அதன் கொட்டைகள் ஒரே ஆண்டில் முதிர்கின்றன. லாரல் ஓக்கின் கொட்டைகளுக்கு இரண்டு ஆண்டுகள் ஆகும். அணில், மான், புளூ ஜே, வான்கோழி அனைத்தும் அவற்றைத் தேடி வருகின்றன. கிளைகளில் தாடிபோல் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் என்னும் தாவரம், மரத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி அன்று. நார்தர்ன் பரூலா என்னும் சிறு பறவை அதற்குள்ளேதான் கூடு கட்டுகிறது. ஆகவே அதை அகற்றப் பணம் கேட்பவரை அனுப்பிவிடலாம்.

பனை வகைகளில் இவ்வளவு தயக்கத்துக்கு இடமில்லை. 1953 முதல் மாநில மரமாக இருக்கும் சேபல் பனை, காற்றையும் உப்பையும் தாங்குகிறது. குயின் பனை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. வேகமாக உயர்ந்து அழகு காட்டும், ஆனால் புயலில் விழும் பட்டியலில் எப்போதும் உண்டு. மாங்கனீசுக் குறைவால் குருத்து சுருண்டு கருகுவதும், ஃபியூசேரியம் வாடல் என்னும் பூஞ்சை நோயும் அதற்கு வழக்கமான தொல்லைகள். சேபலின் ஒரே குறை அதன் மந்த வளர்ச்சி. பணம் இருந்தால் வளர்ந்த மரத்தையே வாங்கி நடலாம்.

எந்தப் பனையானாலும், புயல் காலத்துக்கு முன் உச்சியில் ஓரிரு ஓலைகளை மட்டும் விட்டு மழிக்கும் வழக்கம் மரத்துக்குக் கேடு. பச்சை ஓலைகளே அதற்கு உணவு தயாரிக்கின்றன. பனையின் தலையைக் கடிகார முகமாக எண்ணி, ஒன்பதுக்கும் மூன்றுக்கும் இடையில் மேற்புறம் உள்ள ஓலைகளைத் தொடாமல், காய்ந்து தொங்குபவற்றை மட்டும் நீக்க வேண்டும். அந்தக் காய்ந்த ஓலைகளிலும் வௌவால்கள் தங்கும் என்பதால், வீட்டுக்கு இடையூறில்லாத மரத்தில் அவற்றையும் விட்டுவைக்கலாம்.

சாய்ந்த மரத்தை நிமிர்த்துவதா, அகற்றுவதா என்பது அடுத்த கேள்வி. சாய்ந்த பனையையும், அடிமரத்தின் விட்டம் 4 அங்குலத்துக்கும் குறைவான இளமரத்தையும் வேர்மண் காயுமுன் நிமிர்த்தி, ஆணி அடிக்காமல் முட்டுக் கொடுத்து, தொடர்ந்து நீர் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே உள்ளது. வேர் பெயர்ந்த பெரிய மரத்தை நிமிர்த்துவது வீண் செலவு, ஆபத்தும்கூட. அதே நேரத்தில், இலைகள் அனைத்தும் உதிர்ந்து நிற்கும் ஓக்கை இறந்துவிட்டதாக எண்ணி வெட்டிவிடக் கூடாது; அடுத்த தளிர்ப்பருவம் வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆபத்தானதென்று சான்றிதழ் பெற்ற மர வல்லுநர் எழுதிக் கொடுத்தால், குடியிருப்பு நிலத்தில் உள்ள மரத்தை அகற்ற உள்ளாட்சி அனுமதி தேவையில்லை என 2019-இல் மாநிலச் சட்டம் வந்தது. வாசலில் வந்து பயமுறுத்தும் வெட்டுக்காரரின் வாய்ச்சொல் அந்தச் சான்று ஆகாது. அவருக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

விழுந்தால் வீட்டையோ பாதையையோ தொடாத இடத்தில் பட்ட மரம் இருந்தால், அதைத் தரையோடு வெட்டாமல் விட்டுவைப்பது மரங்கொத்திக்கும் ஆந்தைக்கும் பொந்து தரும். வீட்டருகே இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

லைவ் ஓக் வாங்குபவர்கள், தொட்டிக்குள் சுற்றிச் சுருண்ட வேர்களை நடும்போதே வெட்டிவிட வேண்டும். முதல் ஆண்டுகளில் ஒரே தலைத்தண்டு மேலெழும்படி கவாத்து செய்ய வேண்டும். சமபலமுள்ள இரு தண்டுகள் பிரியும் கவட்டையில்தான் பின்னாளில் காற்று மரத்தைப் பிளக்கிறது.