முகப்பருவுக்குச் சாப்பாட்டை மாற்றுவதா, ஜெல் பூசுவதா? இரண்டையும் பார்த்த வீட்டிலிருந்து

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இருவருக்கும் முகப்பரு வந்தது. மகளுக்கு 14 வயதில், மகனுக்கு 15 வயதில். மகளுக்கு வந்தபோது சாப்பாட்டை மாற்றிப் பார்த்தோம். சில வருடம் கழித்து மகனுக்கு வந்தபோது மருந்துக்கடையில் பென்சாயில் பெராக்சைடு என்ற ஒரே ஒரு ஜெல்லை மட்டும் வாங்கினோம். இரண்டிலுமே பெரிய செலவில்லை. ஆனால் இன்று யாராவது கேட்டால் ஜெல்லைத்தான் முதலில் சொல்வேன். சாப்பாட்டு வழியைத் தப்பென்று சொல்லவில்லை. ஒரு பதின்வயதுப் பிள்ளையால் எதைப் 12 வாரம் விடாமல் செய்ய முடியும் என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. அதை எங்கள் மகள் கஷ்டப்பட்ட பிறகுதான் புரிந்துகொண்டேன்.

பரு ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது அழுக்கால் வருவதில்லை. வளரும் வயதில் ஆண்ட்ரஜன் ஹார்மோன் கூடி, எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. உதிர வேண்டிய தோல் செல்கள் துளையின் வாயிலேயே ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. உள்ளே கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி, அந்த இடம் சிவந்து வீங்குகிறது. கரும்புள்ளியின் கறுப்பு நிறம்கூட அழுக்கு இல்லை, மெலனின் நிறமி. அதனால் ஒரு நாளைக்கு ஐந்து தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது, தோல்தான் எரியும்.

சாப்பாட்டு வழிக்கு வருவோம். இதில் உண்மை இருக்கிறது. சர்க்கரையும் நன்றாகத் தீட்டிய மாவுப் பொருளும் ரத்தச் சர்க்கரையைச் சட்டென ஏற்றும்போது இன்சுலின் கூடுகிறது. அதோடு ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் வேலையும் கூடி, எண்ணெய்ச் சுரப்பைத் தூண்டுகிறது. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையான 43 ஆண்களை வைத்து 12 வாரம் ஓர் ஆய்வு செய்தார்கள். ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைச் சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. பப்புவா நியூ கினியின் கிடாவா தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த மருத்துவர்கள் ஒருவரிடமும் பருவைக் காணவில்லை என்று 2002-இல் எழுதினார்கள். ஆனால் அந்தத் தீவு மக்களின் வாழ்க்கை முறையே வேறு. சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று அதைவைத்து முடிவுகட்ட முடியாது.

பால் விஷயமும் இப்படித்தான். பால் அதிகம் குடிப்பவர்களிடம், அதிலும் கொழுப்பு நீக்கிய பால் குடிப்பவர்களிடம், பரு சற்று அதிகமாகத் தெரிவதாகக் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. இவை ஒரு தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, பால்தான் பருவைக் கொண்டுவருகிறது என்று நிரூபிக்கவில்லை. உடற்பயிற்சி செய்யும் பையன்கள் குடிக்கும், பாலிலிருந்து எடுத்த வே புரதப் பவுடர் வேறு கதை. அது பருவைக் கிளப்பியதாக மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளை அதைக் குடித்தால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். செலவே இல்லாத முதல் படி அதுதான்.

மகளுக்கு நாங்கள் செய்தது இதைவிடக் கடுமை. இனிப்பு, சாக்லேட், பால், எண்ணெயில் பொரித்தது என எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினோம். முதல் மாதம் அவள் ஒழுங்காக இருந்தாள். அப்புறம் பள்ளியில் தோழி தந்த ஒரு துண்டு கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த நாள் தாடையில் பெரிதாக ஒன்று வந்தபோது, "அந்தக் கேக்காலதான்மா" என்றாள். உண்மையில் அன்று வெளியே தெரிந்த பரு பல வாரம் முன்பே தோலுக்கடியில் தொடங்கியது. அதை அவளிடம் சொல்லும் அறிவு அப்போது எனக்கு இல்லை. இரண்டாவது மாதத்தில் பிறந்தநாள் அழைப்புகளுக்குப் போவதை நிறுத்தினாள். தட்டில் எதை வைத்தாலும் சந்தேகமாகப் பார்த்தாள். பரு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால் வளரும் பெண் ஒவ்வொரு வாய்க்கும் பயப்படுவதைப் பார்த்த பிறகு நாங்களே அதை விட்டுவிட்டோம். அந்தச் சில மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

வீட்டு வைத்தியத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். பற்பசை பூசாதீர்கள், அது பல்லுக்கானது, தோலை எரிக்கும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். தோலின் இயல்பான அமிலத்தன்மை பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாறு சுமார் 2. எண் குறையக் குறைய அமிலம் கடுமை. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துப்போகவும் கூடும். டீ ட்ரீ எண்ணெய் மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. 1990-இல் 124 பேரை வைத்து நடந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக வேலை செய்தாலும் பருவைக் குறைத்தது. ஆனால் நீர்க்காத எண்ணெயை அப்படியே முகத்தில் வைக்கக் கூடாது. பக்கத்து வீட்டில் யாரோ தந்த, பெயர் தெரியாத 'வெள்ளையாக்கும்' கிரீம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முதல் வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், பிறகு பரு முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

மருந்துக்கடை வழியில் மூன்று பெயர்கள் முக்கியம். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைந்து துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும், 0.5 முதல் 2 சதவீதம் வரை கிடைக்கும். கரும்புள்ளி மட்டும் இருப்பவருக்கு இது போதலாம், சிவந்த பருவுக்குப் பெரும்பாலும் போதாது. அடாபலீன் அடைப்பு உருவாவதையே தடுக்கும் ரெட்டினாய்டு, அதாவது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து. அமெரிக்காவில் 2016-இலிருந்து 0.1 சதவீத ஜெல்லை மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கலாம், பல நாடுகளில் இன்னும் சீட்டு வேண்டும். மூன்றாவது நாங்கள் எடுத்த பென்சாயில் பெராக்சைடு. இது பாக்டீரியாவைக் கொல்லும், கொஞ்சம் அடைப்பையும் நீக்கும். ஆண்டிபயாடிக் களிம்புகளைப் போல பாக்டீரியா இதற்குப் பழகி எதிர்ப்புச் சக்தி பெறுவதில்லை.

இனி அந்த 12 வாரம். எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

இன்று கண்ணாடியில் தெரியும் பரு, கண்ணுக்குத் தெரியாத சிறு அடைப்பாகப் பல வாரம் முன்பே தொடங்கிவிட்டது. எனவே இன்று தொடங்கும் எந்த வைத்தியமும் அடுத்த மாதம் வரவிருக்கும் பருக்களைத்தான் குறைக்கும். நான்கு முதல் ஆறு வாரம் போன பிறகுதான் மாற்றம் தெரியத் தொடங்கும், முழுப் பலன் 12 வாரத்தில். ஆனால் தோல் காய்வது, உரிவது, எரிவது எல்லாம் முதல் மூன்று வாரத்திலேயே வந்துவிடும். கெட்டது முதலில் வருகிறது, நல்லது கடைசியில் வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த பொருளுக்குத் தாவுகிறார்கள். அலமாரியில் பாதி தீர்ந்த ஐந்து டியூப் சேர்வது இப்படித்தான், காசு கரைவதும் இப்படித்தான். இந்த இடைவெளியைத் தாண்ட வைக்கும் வழி எது என்று கேட்டால் சாப்பாட்டுக்கும் ஜெல்லுக்கும் உள்ள வித்தியாசம் புலப்படும். சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்றால் ஒரு நாளில் மூன்று வேளை, பள்ளியில், நண்பர் வீட்டில், தனியாக எடுக்க வேண்டிய முடிவு. ஜெல் என்றால் இரவில் ஒரே ஒரு நிமிடம்.

அந்த ஒரு நிமிடமும் எரியாமல் இருக்க வேண்டும். அதனால்தான் 2.5 சதவீதத்தை எடுத்தோம். 5, 10 சதவீத ஜெல்களோடு ஒப்பிட்ட ஆய்வில் வீக்கப் பருவைக் குறைப்பதில் 2.5 சதவீதம் கிட்டத்தட்ட அதே அளவு வேலை செய்தது, 10 சதவீதத்தைவிட எரிச்சல் குறைவாகவே இருந்தது. கடையில் 10-ஐ நீட்டினால் வாங்காதீர்கள்.

மகன் முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசினான். வாசனையில்லாத மென்மையான ஃபேஸ் வாஷால் முகம் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பட்டாணி அளவு ஜெல்லை எடுத்து நெற்றி, கன்னம், தாடை என்று பொட்டுப் பொட்டாக வைத்து மெல்லப் பரப்புவான். பரு இருக்கும் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது, பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். மேலே துளையை அடைக்காத சாதாரண மாய்ஸ்சரைசர். மூக்கோரம் உரிந்தபோது அந்த இடத்தில் மாய்ஸ்சரைசரை முதலில் பூசி, ஜெல்லைப் பிறகு பூசினான். பகலில் சன்ஸ்கிரீன். அவ்வளவுதான். பட்டாணி அளவு என்பதால் 30 கிராம் டியூப் இரண்டு மாதத்துக்கு மேல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரே ஜன்னலோரம், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தோம். கண்ணாடியைத் தினமும் பார்ப்பவனுக்கு மாற்றம் தெரியாது. நான்காவது வாரம், "ஒண்ணுமே ஆகலம்மா, விட்டுடறேன்" என்றான். முதல் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தபோது நெற்றியில் புதிதாக வந்தவை குறைந்திருந்தன. கன்னம் அப்படியேதான் இருந்தது. நெற்றியைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான். பத்தாவது வாரம் நெற்றியை மறைத்து இழுத்துவிட்ட முடியை அவனே பின்னால் வாரிக்கொண்டான்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த ஜெல் துணியை வெளுக்கும். அவனுடைய நீலத் தலையணை உறையில் கன்னம் படும் இடம் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகிவிட்டது. வெள்ளை உறை, வெள்ளைத் துண்டுக்கு மாறினோம். சிலருக்கு ஒவ்வாமையும் வரும். முதலில் தாடையோரம் கொஞ்சம் பூசி இரண்டு மூன்று நாள் பாருங்கள், முகம் வீங்கினால் உடனே நிறுத்துங்கள். சூட்டில் இது சிதைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் என்ற ரசாயனம் உண்டாகலாம் என்ற கவலையும் 2024-இல் எழுந்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 95 பொருட்களைச் சோதித்து 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னது. 90 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகமிகக் குறைவு. சிலவற்றை மட்டும் திரும்பப் பெற்றார்கள். நாங்கள் டியூபை வெயில் படாத இடத்தில் வைக்கிறோம், தேதி தாண்டியதைத் தூக்கிப் போடுகிறோம்.

அடாபலீனை நாங்கள் பயன்படுத்தியதில்லை. கரும்புள்ளியும் வெள்ளைப்புள்ளியும் நிறைய இருப்பவருக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். மருத்துவர்கள் அதையும் பென்சாயில் பெராக்சைடையும் சேர்த்தும் தருகிறார்கள். முதல் வாரங்களில் பரு கூடியது போலத் தெரியலாம் என்பதால் அந்த இடைவெளியைத் தாண்டுவது அதில் இன்னும் கடினம். கர்ப்ப காலத்தில் அதைத் தவிர்க்க வேண்டும். தோலுக்கடியில் கட்டியாக வலிப்பது, குழி விழுவது, பிள்ளை வெளியே வரவே மறுப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் 12 வாரம் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். குழி விழுந்துவிட்டால் எந்த ஜெல்லும் அதை நிரப்பாது.

சாப்பாட்டில் இப்போது ஒன்றை மட்டும் வைத்திருக்கிறோம். இனிப்புப் பானங்கள் வீட்டுக்கு வருவதில்லை, அதுவும் குடும்பம் முழுவதற்கும். யாருக்காவது கேக் கிடைத்தால் சாப்பிடலாம்.

மகன் இப்போது வாரத்தில் மூன்று நான்கு நாள் பூசுகிறான், முழுசாக நிறுத்தினால் திரும்ப வருகிறது. தம்பியைப் பார்த்து அக்காவும் ஒரு டியூப் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுக்கு இது ஐந்தாவது வாரம். தாடையில் புதிதாக வருவது குறைந்திருக்கிறது. பழைய கருந்திட்டுகள் அப்படியே இருக்கின்றன, அவை மங்க மாதக்கணக்காகும் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் இப்போது இரண்டு பேர் நிற்கிறார்கள்.