ஆளுக்கொரு பையா, பங்குப் பையா? வெள்ளியங்கிரிக்கு மூட்டை கட்டும் கணக்கு

கோவைக்குப் பக்கத்தில் ஏழு மலை ஏறிச் சிவனைக் கும்பிடும் வெள்ளியங்கிரிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் எங்கள் ஆறு பேருக்குள் நடந்த சண்டை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். அவரவர் பொருளை அவரவரே சுமப்பதா, பங்கு பிரித்துச் சுமப்பதா? பங்கு பிரிப்போம் என்று வாதாடியவன் நான். ஆறு பேருக்கு ஆறு மருந்துப் பை எதற்கு, ஆறு பவர் பேங்க் எதற்கு? சாப்பாடு ஒருவர், மருந்து ஒருவர், தண்ணீரில் பாதி ஒருவர். எழுதிப் பார்த்தபோது தலைக்கு இரண்டு கிலோ குறைந்தது.

மூன்றாவது மலையில் அந்தக் கணக்கு உடைந்தது. நள்ளிரவு தாண்டிய நேரம். கடைசியாக ஏறிக்கொண்டிருந்த நண்பருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவையான ஓ.ஆர்.எஸ் பொட்டலமும் வலிக்குத் தடவும் களிம்பும் இருந்த பை, எங்களுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. வழியில் வந்த யாரோ ஒரு சாமி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுத்தார். அதில்தான் கால் இளகியது.

பூண்டி அடிவாரத்தில் ஒன்றாகப் படியேறத் தொடங்கும் கூட்டம் வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் துண்டு துண்டாகிவிடும். ஏழு மலை, ஏற மட்டுமே ஆறேழு மணி நேரம், அதுவும் இருட்டில். முன்னால் போகிறவருக்குப் பின்னால் வருகிறவர் கண்ணில் படமாட்டார். அதனால் இப்போதெல்லாம் எந்தப் பொருளுக்கும் ஒரே கேள்விதான்: நடுராத்திரியில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தால் இது இல்லாதவன் என்ன ஆவான்? ஒன்றும் ஆகமாட்டான் என்றால் அது பங்குப் பொருள். பவர் பேங்க், கத்தி, ஊசி நூல் எல்லாம் அந்த வகை. தண்ணீர், விளக்கு, குளிருக்கானது, ஓ.ஆர்.எஸ் நான்கும் ஆளுக்கொன்று.

விளக்கில் போட்டி மூன்று பேருக்கு. போன் டார்ச்சை முதலில் தள்ளிவிடலாம். ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும், இன்னொரு கை பாறையைப் பிடிக்க வேண்டும், போனை எந்தக் கையில் பிடிப்பது? கை டார்ச்சுக்கும் இதே குறைதான், ஆனால் வெளிச்சம் தூரம் போகும். தலையில் மாட்டும் விளக்கு இரண்டு கையையும் விட்டுவிடுவதால் அதற்கே என் ஓட்டு. தொல்லை ஒன்று உண்டு: பேசத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அடுத்தவர் கண்ணைக் கூச வைக்கும். எங்கள் கூட்டத்தில் பாதித் திட்டு அதற்குத்தான்.

குளிர் விஷயத்தில்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பிப்ரவரி முதல் மே வரைதான் மலை ஏற விடுவார்கள், கோவையில் அப்போது வெயில் காலம், அங்கே என்ன குளிர் என்ற நினைப்பு. ஆயிரம் மீட்டராவது ஏறுகிறோம். அந்த உயரத்துக்குச் சராசரியாக ஆறு டிகிரி குறையும். அதைவிட மோசம் காற்று. ஐந்து மலை ஏறி வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு ஆறாவது மலையில் உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும்.

ஸ்வெட்டர், போர்வை, மழைக்கோட்டு மூன்றையும் வெவ்வேறு வருடங்களில் சுமந்து பார்த்துவிட்டேன். போர்வை உட்கார்ந்திருக்கும்போது சுகம், நடக்கும்போது காலில் சிக்கும். ஸ்வெட்டர் கதகதப்புதான், ஆனால் பின்னலுக்குள் காற்று புகுந்து வரும்; ஈரச் சட்டைக்கு மேல் போட்டால் பலனும் பாதிதான். ஒரு கைப்பிடிக்குள் மடங்கும் மெல்லிய மழைக்கோட்டு காற்றை அப்படியே தடுத்துவிடுகிறது. உள்ளே ஒரு உலர்ந்த சட்டை, தலைக்குக் குரங்குக் குல்லா. மூன்றும் சேர்ந்து ஒரு போர்வை எடைகூட வராது. மாற்றுச் சட்டையை எடுத்துப் போனால் மட்டும் போதாது, உச்சிக்குப் போவதற்கு முன் நின்று மாற்ற வேண்டும். சோம்பல்பட்டு நடுங்கியவன் சொல்கிறேன்.

சாப்பாட்டில் புளிச்சோறு கட்சி, சப்பாத்தி கட்சி என்று எப்போதும் இரண்டு இருக்கும். புளிச்சோறு ருசி, கெடாது, ஆனால் கனம். அள்ளிச் சாப்பிட உட்கார வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும். நான் சப்பாத்திச் சுருள், பேரீச்சை, கடலைமிட்டாய் பக்கம். எதுவானாலும் துணியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டுங்கள். அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பிளாஸ்டிக் பார்ப்பார்கள். மேலே கேட்காமலே திறந்து பார்க்கக் குரங்குகள் இருக்கின்றன.

வெறும் குளுக்கோஸ் மாவு ஓ.ஆர்.எஸ்ஸுக்கு ஈடில்லை. வியர்வையில் போவது உப்பு, அந்த மாவில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரை. பெரிய பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கெட்டியாகக் கலக்கினால் சீக்கிரம் தெம்பு வரும் என்பது தப்பு. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். வழியில் சுனைகள் உண்டு என்றாலும் கோடையில் அவற்றை நம்பி பாட்டிலைக் குறைக்க மாட்டேன்.

தடிக்கு மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். அடிவாரத்தில் விற்கும் மூங்கிலே போதும். மடக்கு அலுமினியத் தடி பையில் அடங்கும், ஆனால் மேலே இருப்பவர் நீட்டி, கீழே இருப்பவர் பிடித்துத் தொங்கி ஏற அதை நம்ப முடியுமா?

போன முறை மருந்துப் பையைக் கடைசியில் நடப்பவரிடமே கொடுத்துவிட்டோம். அதே கெண்டைக்கால் நண்பர்தான். சரி என்றார், ஒரு நிபந்தனையோடு: அவருடைய சப்பாத்தியை முன்னால் போகிறவர் சுமக்க வேண்டும். பசிக்கிறது என்று அன்றைக்கு முதல் தடவையாக அவர் எல்லாருக்கும் முன்னால் நடந்தார்.