30 நொடி சுய அறிமுகம்: எந்த அமைப்பு எங்கே பொருந்தும்?

வேலை தேடும் ஒருவர் தம்மைப் பற்றி அரை நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் மூன்று. வளாக நேர்காணலின் ஹெச்.ஆர். சுற்றில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்கப்படும் இடம் முதலாவது. மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாமில், பின்னால் நீண்ட வரிசை காத்திருக்க, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் பேசும் இடம் இரண்டாவது. முன்னாள் மாணவர் சந்திப்பிலோ உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பிலோ, நல்ல நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் பழைய அறிமுகத்தை எதிர்கொள்ளும் இடம் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே பத்தியை மனப்பாடம் செய்துகொண்டு போகும் வழக்கம் நம் கல்லூரிகளில் வேரூன்றியிருக்கிறது. அந்தப் பத்தியையும் அதற்குப் போட்டியாக உள்ள இரண்டு அமைப்புகளையும் இங்கே ஒப்பிடுகிறேன். ஒப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: கேட்டவர் அன்று மாலையே வேறொருவரிடம் இவரைப் பற்றி ஒரே வாக்கியத்தில் எடுத்துச் சொல்ல முடியுமா?

இந்த அளவுகோலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டனை ஒட்டிய புறநகர் ஒன்றில் அண்மையில் வேலை மாறியவர்களிடம் விசாரித்து, 1973இல் வெளியிட்ட கட்டுரையில் சில எண்களைத் தந்தார். தெரிந்தவர் மூலமாக வேலை பெற்றவர்களுள், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகச் சந்தித்தவர்கள் 27.8 சதவீதம். லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை வைத்துச் செய்யப்பட்டு 2022இல் வெளியான ஆய்வும், நெருங்கிய உறவைவிட மிதமான அறிமுகமே வேலை மாற்றத்துக்குக் கூடுதலாக உதவுகிறது என்ற முடிவுக்கே வந்தது. நமக்கு நெருக்கமானவர்களுக்கு நமக்குத் தெரிந்த காலியிடங்கள்தாம் தெரிந்திருக்கும்; தள்ளி இருப்பவருக்குத் தெரிந்த உலகம் வேறு. ஆனால், தள்ளி இருப்பவருக்கு நம்மைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நாம் பேசிய அந்த அரை நிமிடம்தான். அவர் தம் நிறுவனத்தின் ரெஃபரல் படிவத்தில் நம் பெயரை எழுதி, 'இவரை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்தால், அந்த வாக்கியத்தை நாம்தாம் அவருக்குத் தந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஈரோட்டைச் சேர்ந்த பி.காம். பட்டதாரி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஓராண்டாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பகுதிநேரமாக வேலை செய்திருக்கிறார். திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் சேர விரும்புகிறார். மூன்று அமைப்புகளிலும் இவரையே பேச வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, வாழ்க்கைக் குறிப்பு வரிசை. பெயர், சொந்த ஊர், தந்தை தாயின் தொழில், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பெற்ற மதிப்பெண், கல்லூரி, பொழுதுபோக்கு, பலம், பலவீனம் என்று இது போகும். 'என் சொந்த ஊர் ஈரோடு. அப்பா விசைத்தறி வைத்திருக்கிறார். அம்மா இல்லத்தரசி. பி.காம். முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றேன். பாட்டுக் கேட்பது என் பொழுதுபோக்கு. நான் கடின உழைப்பாளி, எந்தச் சூழலுக்கும் என்னைத் தகவமைத்துக்கொள்வேன்.' இதற்கு ஒரு நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பதற்றம் மிகுந்த மாணவருக்கு, தடுமாறாமல் வாயைத் திறக்க ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அதற்கு மேல் இதனால் பயன் இல்லை. இதிலுள்ள செய்திகளில் பாதி, கேட்பவரின் கையிலுள்ள ரெஸ்யூமேயிலேயே அச்சாகியிருக்கின்றன. மறுபாதி, அன்று வரிசையில் நிற்கும் எல்லோரும் சொல்வது. மாலையில் இவரைப் பற்றிச் சொல்ல கேட்டவரிடம் எஞ்சியிருப்பது 'ஈரோட்டுப் பையன்' அல்லது 'ஈரோட்டுப் பெண்' என்பது மட்டுமே.

இந்த அமைப்பைப் பற்றி எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஊரையும் தந்தையின் தொழிலையும் முதலிலேயே சொல்லும்போது, வேலைக்குத் தொடர்பே இல்லாத கணக்குகளைப் போட எதிரிலிருப்பவருக்கு நாமே வழி திறந்துவிடுகிறோம். ஒருவர் எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறார் என்பது அவருடைய தகுதிக்குரிய செய்தி ஆகாது. அதைக் கேட்காதபோது சொல்ல வேண்டிய கடமை எந்த இளைஞருக்கும் இல்லை. வீட்டின் முதல் பட்டதாரி என்பதைப் பெருமையோடு சொல்ல விரும்புகிறவர் தாராளமாகச் சொல்லலாம். அது அவருடைய விருப்பமாக இருக்க வேண்டுமே தவிர, பயிற்சி வகுப்பில் தந்த வரிசையின் கட்டாயமாக இருக்கக்கூடாது.

இரண்டாவது அமைப்பு, இன்று–நேற்று–நாளை. இப்போது என்ன செய்கிறேன், அதற்கு முன் எதைக் கற்றேன், இனி எதை நோக்கிப் போகிறேன், அதற்கு இந்த நிறுவனம் ஏன் என்ற வரிசை. நம் பட்டதாரி இதில் இப்படிப் பேசுவார்: 'இப்போது ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்குகளைப் பார்க்கிறேன். பி.காம். படிக்கும்போதே டேலி கற்றுக்கொண்டேன். உள்ளூர் வணிகக் கணக்குகளில் கிடைத்த இந்தப் பழக்கத்தை வைத்து ஏற்றுமதிக் கணக்குகளைக் கற்க வேண்டும் என்பதால் உங்கள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.' நேர்காணல் அறைக்கு இது பொருத்தமானது. அங்கே கேட்பவருக்கு நேரம் இருக்கிறது, ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் ஒரு துணைக்கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் மேலே போகலாம்.

இந்த அமைப்பின் உண்மையான வலிமை புதிய பட்டதாரிகளைவிட, இடைவெளி விட்டுத் திரும்புகிறவர்களுக்கும் துறை மாறுகிறவர்களுக்குமே மிகுதியாகப் பயன்படுகிறது. குழந்தை வளர்ப்புக்காக நான்கு ஆண்டுகள் வேலையை விட்டிருந்த பெண், வாழ்க்கைக் குறிப்பு வரிசையில் பேசினால் அந்த நான்கு ஆண்டுகள் கடைசியில் வந்து நிற்கும். கேட்பவர் மனத்திலும் அதுவே நிற்கும். இன்று–நேற்று–நாளை என்று பேசினாலோ, அவர் இப்போது முடித்திருக்கும் பயிற்சி முதலில் வரும், முந்தைய பணி அனுபவம் அடுத்து வரும், இடைவெளி 'இடையில் நான்கு ஆண்டுகள் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டேன்' என்ற ஒற்றை வாக்கியமாக நடுவில் அமையும். மறைக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இத்தகையவர்களுக்கு வேறெந்த அமைப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால், புதிய பட்டதாரி ஒருவர் திருமண வரவேற்பில் இதையே சொன்னால், 'ஏதோ அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாராம்' என்ற அளவில்தான் அது அடுத்தவரைப் போய்ச் சேரும்.

மூன்றாவது, செய்த வேலையை முன்னே வைக்கும் அமைப்பு. ஒரு சிக்கல், அதில் நான் செய்தது, அதனால் விளைந்தது, நான் கேட்பது என்ற நான்கே வாக்கியங்கள். நம் பட்டதாரியின் பேச்சு இப்போது அடையாளம் தெரியாமல் மாறிவிடுகிறது: 'சார், சின்ன ஜவுளிக் கடைக்காரர்கள் சரக்கு வாங்கும்போது வரியைக் கட்டிவிடுகிறார்கள், ஆனால் விற்றவர் அந்த பில்லை ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றாமல் விட்டால் அந்த வரி இவர்களுக்குக் கழியாது. ஒவ்வொரு மாதமும் கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைக் கண்டுபிடித்து, விற்றவர்களிடம் பேசி ஏற்ற வைப்பதுதான் ஓராண்டாக என் வேலை. எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு கடைகளின் கணக்கை நான் தனியாகவே பார்க்கிறேன். உங்கள் கம்பெனியில் இந்த வேலையைப் பார்ப்பவர் யார் என்று சொன்னால், அவரிடம் ஐந்து நிமிடம் பேசித் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.'

இதைக் கேட்டவர் மாலையில் சொல்லப் போவது தெளிவாக இருக்கிறது: 'விடுபட்ட ஜிஎஸ்டி பில்களைத் துரத்திப் பிடிக்கிற ஒரு பையனைப் பார்த்தேன்.' கணக்குப் பிரிவில் இருப்பவர் எவருக்கும் இந்த வாக்கியத்தின் எடை உடனே புரியும். மாதக் கணக்குத் தாக்கல் செய்யும் விற்பனையாளர், விற்பனை பில்களின் விவரம் அடங்கிய தம் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தர வேண்டும். விற்றவர்கள் ஏற்றிய பில்களை வாங்கியவருக்குக் காட்டும் 2பி அறிக்கை 14ஆம் தேதி உருவாகிறது. வாங்கியவர், கழித்தது போக வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் 3பி படிவத்தைப் பொதுவாக 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆக, 14க்கும் 20க்கும் இடைப்பட்ட நாள்களில் இந்த ஒப்பீட்டை முடிப்பது எவ்வளவு நெருக்கடியானது என்பதை அந்தப் பணியில் இருப்பவர்கள் அறிவார்கள். 'கடின உழைப்பாளி' என்று சொல்லாமலேயே உழைப்பு அங்கே தெரிந்துவிடுகிறது.

இந்த அமைப்புக்கும் இடர்கள் உண்டு. எதிரிலிருப்பவர் அத்துறையைச் சேராதவர் என்றால் ஜிஎஸ்டிஆர்-2பி என்பது வெறும் எழுத்துக் கோவை. அவரிடம் 'வாங்கிய பில்லும் அரசாங்கப் பதிவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன்' என்பதே போதும். குழுவாகச் செய்ததைத் தனியாகச் செய்ததாகச் சொல்லும் சபலம் இதில் வலுவாக எழும் என்பது இன்னொரு இடர். இறுதியாண்டு ப்ராஜெக்டில் நால்வர் உழைத்திருந்தால், 'நாங்கள் நால்வர், அதில் சென்சார் பகுதி என்னுடையது' என்று பிரித்துச் சொல்வதே நேர்மை, பாதுகாப்பும் அதுவே. அடுத்த கேள்வி அந்தப் பகுதியைப் பற்றித்தான் வரும்.

இதைவிடப் பெரிய தடை, சொல்வதற்கு வேலையே இல்லை என்ற எண்ணம். ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிய இறுதியாண்டு ப்ராஜெக்டை வைத்து இந்த அமைப்பில் பேச முடியாது, பேசவும் கூடாது. இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துபோகும். ஆனால், அந்த ப்ராஜெக்டை விட்டால் வேறொன்றும் இல்லை என்று நினைக்கும் மாணவர்கள் தங்களைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள் என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டை எக்செல் தாளுக்கு மாற்றியவர், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு வாரம் அத்தனை பேருக்கும் சாப்பாட்டுக் கணக்குப் பார்த்தவர், துறைக் கருத்தரங்குக்கு விருந்தினர்களின் பயண ஏற்பாட்டைக் கவனித்தவர் ஆகிய எல்லோரிடமும் ஒரு சிக்கலும் ஒரு செயலும் ஒரு விளைவும் இருக்கின்றன. அவை சம்பளம் வாங்காமல் செய்தவை என்பதால் வேலை ஆகாமல் போய்விடுவதில்லை.

மூன்றாவது அமைப்பின் கடைசி வாக்கியத்தைத் தனியாக அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மில் பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். 'ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள் அண்ணா' என்று கேட்கப்பட்டவர் உண்மையிலேயே உதவும் மனம் கொண்டவராக இருந்தாலும், அவரால் செய்யக்கூடியது ஏதும் அதில் இல்லை. எந்த வேலை, எந்தப் பிரிவு, எப்போது என்பதையெல்லாம் அவரே யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால் 'பார்க்கலாம் தம்பி' என்று முடித்துக்கொள்கிறார். யாரிடம் பேசலாம் என்று கேட்பதும், இந்தப் பணிக்கு எந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பதும், நின்ற இடத்திலேயே பதில் சொல்லக்கூடிய கேள்விகள். சிறிய உதவியைச் செய்தவர் அடுத்து என்ன ஆயிற்று என்று தாமே விசாரிக்கும் வாய்ப்பும் கூடுகிறது.

எனவே, என் தேர்வு இது. வேலைவாய்ப்பு முகாமுக்கும் சமூக நிகழ்வுகளுக்கும் மூன்றாவது அமைப்பு. முகாமில் கடைசிக் கேள்வியை மட்டும், 'இந்தப் பணிக்கு இன்றே நேர்காணல் உண்டா' என்பதுபோல மாற்றிக்கொள்ளலாம். நேர்காணல் அறைக்கு இரண்டாவது, ஆனால் அதன் 'இன்று' பகுதியில் மூன்றாவதிலிருந்து ஒரு செயலைப் பொருத்திக்கொள்ள வேண்டும். முதலாவதை எந்த இடத்துக்கும் நான் பரிந்துரைக்கவில்லை.

மொழியைப் பொறுத்தவரை, முதலில் தமிழில் சொல்லிப் பழகுங்கள் என்பதே என் கருத்து. என்ன செய்தோம் என்பது நமக்கே தெளிவாவது அப்போதுதான். பிறகு அதே செய்தியை எளிய ஆங்கிலத்தில் புதிதாகச் சொல்லிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இயல்பான வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 முதல் 150 சொற்கள். எனவே அரை நிமிடத்துக்கு 65 முதல் 75 சொற்களுக்கு மேல் எழுதினால் ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும். திருப்பூர் ஏற்றுமதி நிறுவன உரிமையாளர் தமிழில் பேச்சைத் தொடங்கும்போது, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் பதில் சொல்வது அவரைத் தள்ளி நிறுத்துவதாகவே முடியும்.

முழுப் பத்தியையும் மனப்பாடம் செய்வதா, குறிப்புகளை மட்டும் நினைவில் வைப்பதா என்ற போட்டியில், முதல் வாக்கியத்தையும் கடைசிக் கேள்வியையும் சொல் மாறாமல் பாடம் செய்துகொண்டு, நடுவிலுள்ளதை அந்தந்த நேரத்துக்குச் சொல்வதே சிறந்தது. பதற்றம் உச்சத்தில் இருப்பது தொடக்கத்தில். குழப்பம் வருவது முடிக்கும்போது. செல்பேசியில் பதிவுசெய்து, நம் துறையைப் பற்றி அறியாத ஒருவரைக் கேட்க வைத்து, அவர் நினைவில் நின்றதை ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லலாம். அவர் 'நல்லா பேசுற' என்று மட்டும் சொன்னால், சிக்கலைச் சொல்லும் முதல் வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டும்.

பேசிய அன்றே ஒரு வாட்ஸ்ஆப் செய்தியும் போக வேண்டும். எங்கே சந்தித்தோம், நான் செய்யும் வேலை எது, நீங்கள் சொன்ன பெயர் எது என்ற மூன்று வரிகளும், கூடவே ரெஸ்யூமேயும் இருந்தால் போதும். அவர் அதைத் தம் அலுவலகத்தில் உள்ளவருக்கு ஒரு சொல்லும் சேர்க்காமல் அப்படியே ஃபார்வர்டு செய்ய முடிய வேண்டும்.