பெட்டிக்குள் ஒரு குதிரை முதுகு: சேணத்தைப் பார்சலில் அனுப்பிய எட்டு வருட அனுபவம்

2017-ல் முதன்முதலாக ஒரு சேணத்தைப் பார்சலில் அனுப்பினேன். கான்பூரில் தைத்த 17 அங்குல ஜம்பிங் சேடில், அதாவது தடை தாண்டப் பழகுவதற்கான சேணம். பெங்களூரில் குதிரையேற்றம் பழகிக்கொண்டிருந்த ஒரு தங்கை என்னிடம் வாங்கியது. பபுள் ராப்பை நாலு சுற்றுச் சுற்றி, கிடைத்த பெட்டியில் இறுக்கி அடைத்து, டேப் ஒட்டிக் கொடுத்துவிட்டேன். பெட்டி நசுங்காமல் போய்ச் சேர்ந்தது, தோலிலும் ஒரு கீறல் இல்லை. ஆனால் குதிரைமேல் போட்டு அவள் ஏறி உட்கார்ந்ததும் கறக்கென்று ஒரு சத்தம். பயிற்சியாளர் அந்த நொடியே இறங்கச் சொல்லிக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ட்ரீ, அதாவது சேணத்தைத் தாங்கும் சட்டம், உடைந்திருந்தது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மனதை அறுத்தது பணம் இல்லை. அந்தச் சத்தத்தை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால், உடைந்த சட்டத்தின் முனை அந்தக் குதிரையின் தோள்மேட்டில் நாள்கணக்கில் குத்திக்கொண்டே இருந்திருக்கும். குதிரை வாய்விட்டுச் சொல்லாது. காதைப் பின்னால் மடக்கும், வார் இறுக்கும்போது கடிக்க வரும், நாம் அதற்குத் திமிர் என்று பெயர் வைப்போம்.

அதற்குப் பிறகு பதின்மூன்று சேணங்கள் அனுப்பியிருக்கிறேன். சென்னையிலிருந்து ஊட்டிக்கு, கோவைக்கு, பெங்களூருக்கு, பழுது பார்க்கக் கான்பூருக்கு. 1860-களில் ராணுவத்துக்கான சேணத் தொழிற்சாலை வந்ததிலிருந்து அந்த ஊரில் இது பேர்பெற்ற தொழில், கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்தப் பதின்மூன்றில் ஒன்றில்கூட ட்ரீ போகவில்லை.

சேணத்தைத் தோல் சாமான் என்று நினைத்துக் கட்டியதுதான் நான் செய்த தவறு. தோல் வெறும் சட்டை. உள்ளே பெரும்பாலும் மர அடுக்குகளை ஒட்டி வளைத்து, இரும்புத் தகடு பொருத்திய ஒரு எலும்புக்கூடு இருக்கிறது, அதுதான் ட்ரீ. ஸ்பிரிங் ட்ரீ என்றால் நீளவாக்கில் இரண்டு எஃகுப் பட்டைகளும் இருக்கும். முன்மேடான பாமலுக்குக் கீழே ஒரு வளைவு, நடுவில் வாய்க்கால்போல ஒரு இடைவெளி. முதுகெலும்பின்மேல் பாரம் விழக் கூடாதென்று விட்ட இடம் அது. குதிரைமேல் இருக்கும்வரை இந்த அமைப்பு ஏறுபவரின் பாரத்தைத் தாங்கும், ஏனென்றால் அடியில் முதுகு இருக்கிறது. பெட்டியில் போட்டால் அடியில் காற்றுதான். மேலே முப்பது கிலோ மூட்டையை யாராவது எறிந்தால் முழு அடியும் சட்டத்துக்கே போகும். எத்தனை சுற்று பபுள் ராப் வெளியே இருந்தாலும் இதைத் தடுக்காது.

அதனால் இப்போது பெட்டிக்குள் முதலில் ஒரு குதிரை முதுகைச் செய்துவிடுகிறேன். என்னிடம் இருப்பது ஒரு பழைய பவானி ஜமுக்காளம். அதை இறுகச் சுருட்டி, நாலு இடத்தில் சணல் கயிற்றால் கட்டினால் நல்ல கெட்டியான உருளை வரும். இரண்டு பக்கமும் நைந்த இலவம் பஞ்சுத் தலையணை ஒவ்வொன்று. சேணத்தை இதன்மேல் ஏற்றினால் அசலாகக் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரியே உட்கார வேண்டும். அடிமெத்தையான பேனல் இரண்டும் மெத்தென்று படிய வேண்டும், பக்கவாட்டுத் தோலான ஃப்ளாப் இரண்டும் தானாகத் தொங்க வேண்டும். ஃப்ளாப்பின் நுனி பெட்டியின் அடியைத் தொட்டால் உருளையின் உயரம் போதவில்லை என்று அர்த்தம், இன்னொரு போர்வையைச் சேர்த்துச் சுற்றுவேன். ஒரு வாரம் மடங்கிக் கிடந்த ஃப்ளாப் அப்படியே சுருண்டு நின்றுவிடும், அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மாதக்கணக்காகும்.

தோலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டியது பருத்தித் துணி மட்டும்தான். நான் துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியைச் சுற்றுகிறேன். பிளாஸ்டிக் நேரடியாகப் பட்டால், மே மாத வெயிலில் லாரிக்குள் தோல் வியர்த்து, பபுள் வட்டங்கள் அப்படியே தடமாகப் பதிந்துவிடும். ஒருமுறை வெளிர் பழுப்பு சேணத்துக்குச் செய்தித்தாள் அடைத்து, எழுத்து மை சீட்டில் இறங்கிவிட்டது, அந்தக் கறை போகவே இல்லை. தெர்மாகோல் உதிரியும் வேண்டாம், தையல் ஓட்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

கால் வைக்கும் அங்கவடி இரும்பைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். என் இரண்டாவது பார்சலில் கழற்றாமல் மேலே ஏற்றி மட்டும் வைத்தேன். அது வழியெல்லாம் ஆடி, ஃப்ளாப்பில் பிறை வடிவத்தில் ஒரு பள்ளம் போட்டுவிட்டது. இரும்புகளையும் வயிற்று வாரான கர்த்தின் பக்கிள்களையும் தனித்தனியாகத் துணியில் பொதிந்து, சின்ன அட்டைப்பெட்டியில் போட்டு, பெரிய பெட்டியின் மூலையில் வைக்கிறேன்.

கிளிசரின் சோப்பால் துடைத்த சேணத்தை இரண்டு நாள் நிழலில் உலர்த்தாமல் மூடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையிலிருந்து அனுப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, போய்ச் சேரும்போது பச்சைப் பூஞ்சை பூத்திருக்கும். எண்ணெய் பூசுவதையும் வாங்குபவரிடமே விட்டுவிடலாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஏழெட்டு போடுகிறேன்.

வெளிப்பெட்டி ஏழு பிளை அட்டை. பழைய பெட்டி என்றால் கையால் அழுத்திப் பார்ப்பேன், மூலை மெத்தென்றால் ஒதுக்கிவிடுவேன். மூடியபின் பெட்டியைத் தூக்கி நாலு பக்கமும் ஆட்டுவேன். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி அடைப்பு. மழைக்காலத்தில் அட்டைக்கு வெளியே பாலித்தீன் சுற்றி, அதன்மேல் சாக்குப் போட்டுக் கோணி ஊசியால் தைத்துவிடுகிறேன். தைத்த சாக்கை ஆள்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்குகிறார்கள். வழவழப்பான அட்டைப்பெட்டி கைநழுவி விழுவதை லாரி ஷெட்டில் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

செலவைச் சொல்லாமல் விடக் கூடாது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர்களில் பரவலாக உள்ள கணக்கு. என் பெட்டி 65, 50, 50. கணக்குப்படி 32.5 கிலோ. தராசில் வைத்தால் 12 கிலோதான். கட்டணம் 32.5-க்கு. வலிக்கத்தான் செய்யும். இதற்குப் பயந்து பெட்டியைச் சின்னதாக்கினால் ஃப்ளாப்பை மடக்க வேண்டும், பேனலில் உள்ள கம்பளிப் பஞ்சு அமுங்கிக் கட்டியாகும். அதனால் நான் அவசரமில்லாதபோது ரோடு பார்சலில் போடுகிறேன். அங்கே ரசீதில் ஒரு வரியைக் கவனியுங்கள்: 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது சேதம் சரக்குக்காரர் பொறுப்பு என்று அடித்திருந்தால் உடைந்தபின் கேட்க வழி சுருங்கிவிடும். என் முதல் ரசீதில் அதுதான் இருந்தது, நான் படிக்கவில்லை. இப்போது முழு மதிப்பை எழுதி, இன்சூரன்ஸ் போட்டு, கட்டும் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைக்கிறேன்.

வந்து சேர்ந்ததும் குதிரைமேல் போடாதீர்கள். பாமலைத் தொடையில் முட்டுக் கொடுத்து, பின்மேடான கேன்டிலை இரண்டு கையாலும் உங்கள் பக்கம் இழுங்கள். ஸ்பிரிங் ட்ரீ கொஞ்சம் வளைந்து கையை விட்டதும் திரும்பும், அது சரி. சீட்டின் குறுக்கே ஆழமாக மடிப்பு விழுந்தாலோ, முனகினாலோ சந்தேகப்படுங்கள். பிறகு முன்வளைவின் இரண்டு பக்கத்தையும் பிடித்து உள்ளே வெளியே அழுத்துங்கள். அங்கே அசைவே இருக்கக் கூடாது. வாங்குபவர் எல்லோரிடமும் இதைப் போனில் காட்டச் சொல்கிறேன். சிலருக்கு எரிச்சல்தான், ஆனாலும் கேட்காமல் விடுவதில்லை.

அமெரிக்க கௌபாய் பாணி வெஸ்டர்ன் சேடில் இரண்டு முறைதான் அனுப்பியிருக்கிறேன். அதன் கனமும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பும் வேறு கதை. கொம்பைச் சுற்றித் துண்டு கட்டி, பெட்டியின் மூடிக்கும் அதற்கும் நாலு விரல் இடம் விட்டேன், நல்லபடியாகவே போனது.

போன மாதம் ஊட்டிக்கு ஒரு டிரெஸ்ஸாஜ் சேடில், அதாவது குதிரையை நயமாக நடத்திக் காட்டும் போட்டிக்கான சேணம், போனது. வாங்கிய அண்ணன் வீடியோவில் பிரித்தார். வேட்டியை விலக்கி, கேன்டிலை இழுத்துக் காட்டினார், சத்தமில்லை. ஜமுக்காளத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்து கோவைக்கு ஒன்று காத்திருக்கிறது.